பேடா, எக்கோவா?

புதிதாக வள்ளி கும்மிக் குழு தொடங்குகிறவர்கள் மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கி முடித்த பிறகு தடுமாறும் இடம் இது. மிச்சமிருக்கும் பணத்தில் ரிதம் பேட் வாங்குவதா, எக்கோ பெட்டி வாங்குவதா? பார்க்க இரண்டும் ஒன்றுதான்; பொத்தானும் விளக்கும். வேலை வேறு.

நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் உள்ள வித்தியாசம் என்றால் திருப்பூரில் யாருக்கும் புரியும். பேடும் கீபோர்டும் நிட்டிங். துணியே அங்கேதான் பிறக்கிறது. எக்கோ, ரிவெர்ப் எல்லாம் டையிங். வந்த துணிக்குச் சாயம் ஏற்றும், துணி வராவிட்டால் சும்மா நிற்கும். கடையில் மைக் ஒயரைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பாருங்கள். ஒலி வந்தால் அது வாத்தியம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1985இல் ரோலண்ட் கொண்டுவந்த முதல் ஆக்டோபேட் இந்த இரண்டிலும் சேராது. அதற்குள் சொந்த ஒலியே கிடையாது. எந்தப் பேடை எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற தகவலை மிடி வழியாக வேறொரு கருவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். பின்னால் வந்த எஸ்பிடி-20இல் ஒலிகள் உள்ளேயே உண்டு.

என் ஓட்டு பேடுக்கு. சின்ன மிக்சர்கள் பலவற்றில் எக்கோ கூடவே வருகிறது. தனிப்பெட்டிக்குச் செலவு எதற்கு? அதோடு கும்மி நடப்பது திறந்த மைதானத்தில். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி ஆடுகிறவருக்கு ஆசிரியரின் பாட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியே கேட்கிறது. அதன்மேல் எக்கோவையும் ஏற்றினால் எந்தத் தட்டுக்கு அடி வைப்பது? பாட்டின் சொல்லும் குழம்பிப்போகும். குரல் கணீரென்று கேட்க வேண்டும் என்று சொல்லி எக்கோவைக் கூட்டச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மேடைமேல் நிற்பவர்கள், ஆடுகிறவர்களைக் கேளுங்கள்.

பாட்டை வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்வதாக இருந்தால் கணக்கு மாறும். மூடிய அறையில் மைக்கை வாயருகே வைத்துப் பாடிய குரல் வறண்டு கிடக்கும். அங்கே ரிவெர்ப் அவசியம். ஆனால் அதற்கும் பெட்டி வேண்டாம், பதிவு மென்பொருளிலேயே இருக்கும். அதில் வாத்தியம் தனி, எஃபெக்ட் தனி என்று பட்டியல் பிரிந்திருக்கும். குரல் டிராக்கில் எஃபெக்டைப் போடுங்கள். வாத்தியத்துக்கு மிடி டிராக்.