திறந்த நிரலும் விழித்த கண்ணும்

நுழையும்முன்

வீட்டுக்குப் பூட்டு வாங்குவோர் அதன் உறுதியை ஆராய்ந்தே வாங்குவர். குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் வங்கி விவரங்களையும் தாங்கிநிற்கும் கணினிக்கும் அத்தகைய காவல் வேண்டும். மூலநிரலை எவரும் காணத்தக்க இயங்குதளத்தை இல்லத்தில் பாதுகாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திறந்திருத்தலின் வலிமை

1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்ஸ் மூலநிரலை இணையத்தில் வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு டெபியன், உபுண்டு முதலிய இயங்குதளங்கள் வளர்ந்தன. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் டெபியன் வழிவந்ததே.

நிரல் திறந்திருந்தால் திருடருக்கும் வழி தெரிந்துவிடுமே என்னும் ஐயம் எழலாம். பூட்டின் அமைப்பை ஊரார் அறிந்திருந்தாலும், சாவி உரியவரிடம் மட்டும் இருந்தால் வீடு காக்கப்படும். மேலும், குறைகள் மறைந்து கிடப்பதினும் பலர் கண்ணில் பட்டுத் திருத்தப்படுவதே நன்று. ஆயினும், காணத்தக்கதாக இருப்பது வேறு. ஒருவர் உண்மையில் கண்டு ஆராய்வது வேறு.

அரை நொடித் தாமதம்

இவ்வேறுபாட்டை 2024ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று உணர்த்தியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருள், வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதை ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் கவனித்தார். சிறு தாமதம்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ள வழி ஒன்று ஒளிந்திருந்தது. அதனைப் புகுத்தியவர், நெடுநாள் நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, அம்மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பையே அடைந்தவர். மார்ச் 29 அன்று பிராய்ண்ட் உண்மையை வெளியிட்டார். பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளைச் சென்றடையுமுன் அத்தீங்கு தடுக்கப்பட்டது.

இல்லத்தில் காவல்

வல்லுநரின் விழிப்பு இல்லம்வரை வந்துசேரப் பயனரின் பங்கும் தேவை. கண்டறிந்த குறைக்குத் திருத்தம் வெளிவந்தாலும், கணினியைப் புதுப்பிக்காதவருக்கு அதனால் பயனில்லை. ஆதரவுக் காலம் முடிந்த பதிப்புக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும்; அதனைக் கைவிட்டுப் புதிய பதிப்புக்கு மாறுதல் வேண்டும்.

மென்பொருள்களை இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தே பெறுதல் நலம். அங்குள்ளவை மின்னொப்பம் வழிச் சரிபார்க்கப்படுவதால், இடையில் எவரேனும் மாற்றியிருப்பின் வெளிப்பட்டுவிடும். அன்றாடப் பணிகளைச் சாதாரணப் பயனர் கணக்கிலேயே செய்ய வேண்டும். ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரத்தைத் தேவையானபோது மட்டும் ‘சுடோ’ கட்டளையால் பெறலாம். பொருள் விளங்காத கட்டளையை அவ்வதிகாரத்துடன் இயக்குதல், அறியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தீச்சுவர் தடுக்கும். வட்டினைக் குறியாக்கம் செய்துவைத்தால், அணைத்துவைத்த மடிக்கணினி களவுபோனாலும் கடவுச்சொல் அறியாதவர் தரவுகளைப் படிப்பது அரிது. இழந்த தரவை மீட்கவோ தனியே எடுத்துவைத்த காப்புநகல் ஒன்றே துணை. எனினும், போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லைத் தாமே தந்துவிடுபவரை எந்த இயங்குதளமும் காக்க இயலாது.

உலகெங்கும் பரவவிருந்த தீங்கை வெளிப்படுத்தியது, அரை நொடித் தாமதத்தையும் பொருட்படுத்திய ஒருவரின் கவனமே. திறந்த நிரல் ஆராயும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது; அவ்வுரிமைக்குப் பயன் தருவது விழிப்பு.