மூன்றாமவர் பெயர்

பள்ளியில் இரண்டாம் உலகப்போரைப் படிக்கும் நம் பிள்ளைகள் தலைவர்கள், தளபதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். அப்போரின் தொடக்கத்தில் உயிர்நீத்த ஒரு குண்டுவீச்சு விமானியையும், அவருடன் பறந்த இருவரையும் இந்தப் பாடத்தில் அறிந்துகொள்வோம்.

1940 மே 10 அன்று ஜெர்மனி பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளின் மீது படையெடுத்தது. மாஸ்ட்ரிக்ட் நகருக்கு மேற்கே, ஆல்பர்ட் கால்வாய் மீதிருந்த வெல்ட்வெசெல்ட், வ்ரோன்ஹோவன் பாலங்களை அன்றே கைப்பற்றியது. எஞ்சின் இல்லாத கிளைடர்களில் வந்திறங்கிய வீரர்கள் அவற்றைச் சேதமின்றிப் பிடித்துவிட்டனர். அவற்றின் வழியே ஜெர்மன் படை மேற்கு நோக்கி விரைந்தது.

பாலங்களைத் தகர்க்கும் பணி மே 12 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 12-ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. 'யார் வருகிறீர்கள்?' என்று கேட்டபோது விமானிகள் அனைவரும் முன்வந்தனர். பிரான்சிலிருந்து ஐந்து விமானங்கள் புறப்பட்டன.

அவை 'ஃபேரி பேட்டில்' ரகம். ஒரே எஞ்சின், விமானி, வழிகாட்டுபவர், வானொலியும் பின்புறத் துப்பாக்கியும் கவனிப்பவர் என மூவர். வேகம் மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானமோ 550-ஐத் தாண்டும். 1936-இல் முதன்முதலில் பறந்த பேட்டில், நான்கே ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டது.

வெல்ட்வெசெல்ட் பாலத்தைத் தாக்கிய மூன்று விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் டொனால்ட் கார்லண்ட். அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் பிறந்தவர், வயது 21. வழிகாட்டியவர் சார்ஜென்ட் தாமஸ் கிரே. பின்புறத் துப்பாக்கியில் லாரன்ஸ் ரெய்னால்ட்ஸ், வயது 20. ஜெர்மானியர் பாலத்தைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தனர். தாழப் பறந்து குண்டு வீசிய கார்லண்டின் விமானம் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். ஐந்து விமானங்களில் ஒன்று மட்டுமே, அதுவும் பலத்த சேதத்துடன், நேசநாட்டு எல்லைக்குள் இறங்கியது. பாலத்தின் ஒரு பகுதி சேதமுற்றது. ஆனால் படையெடுப்பு நிற்கவில்லை.

1940 ஜூனில் கார்லண்டுக்கும் கிரேக்கும் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. அப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா சிலுவைகள் இவையே. அதே விமானத்தில், அதே நொடியில் மாண்ட ரெய்னால்ட்ஸுக்கு அது இல்லை. பிற்காலத்தில் ஒரு பெரிய விமானத்துக்குப் பெயர் சூட்டியபோதும் இருவர் பெயரே இடம்பெற்றது.

கார்லண்டின் குடும்பத்துக்கு இழப்பு அத்துடன் முடியவில்லை. விமானப்படையில் சேர்ந்த அவருடைய மூன்று சகோதரர்களும் அந்தப் போர்க்காலத்திலேயே இறந்தனர்.

பெல்ஜியத்தின் ஹெவர்லே போர்க் கல்லறையில் மூவரும் உறங்குகிறார்கள். பதவி பாராமல் எல்லோருக்கும் ஒரே வகைக் கல் என்பது 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. பதக்கம் பிரித்தவர்களைக் கல் ஒன்றாக நிறுத்தியது. ஆயினும் இக்கொள்கை எல்லோரையும் எட்டவில்லை. முதல் உலகப்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலரின் பெயர்கள் விடுபட்டதை அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

தில்லி கன்டோன்மென்ட்டிலும் புனே கிர்க்கியிலும் உள்ள போர்க் கல்லறைகளை அதே ஆணையம்தான் பராமரிக்கிறது. அருகில் வசிப்போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். புகழ்பெற்ற பெயர்களைத் தேட வேண்டாம். யாரும் அறியாத ஒரு பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மறைந்தவர்க்கு நாம் செய்யக்கூடியது அவ்வளவே, அதையேனும் செய்வோம்.

சிந்திக்க:
1. ஒரு கூட்டு முயற்சியில் சிலருக்கு மட்டும் பரிசளிப்பது முறையா?
2. நோக்கம் நிறைவேறாத தியாகத்தை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்?