வரைபடமும் வாய்மையும்

பொதுவாழ்வில் நேர்மை என்னும் பொருள்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கையூட்டு ஒன்றனையே எடுத்துப் பேசி அமைவர். கொடுப்பவன் கையும் வாங்குபவன் கையும் கூடுமிடத்தேதான் ஊழல் பிறக்கின்றது என்பது அவர்தம் கருத்து. அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. அரசாங்க ஏட்டில் ஒரு கோடு மாறுவதனாலும் ஓர் ஊரின் வாழ்வு பறிபோகக் கூடும். இதனை வடசென்னையின்கண் உள்ள முகத்துவாரக்குப்பத்தை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஊர்ப்பெயரை நோக்குவோம். முகத்துவாரம் என்பது ஆறு கடலொடு கலக்கும் வாயில். கொசத்தலையாறு எண்ணூரிற் கடலை அடையும் அவ்விடத்தே அமைந்த மீனவர் குடியிருப்பாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது. ஈண்டுக் கடலலை உள்ளேறி இறங்கும் கழியில் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். அவற்றாற் பல குப்பங்கள் உண்டு வாழ்ந்தன. மழைக்காலத்தே ஆற்றுவெள்ளம் தங்கி வடிவதற்கு இடந்தருவதும் இக்கழியே. ஆகலின் இதனைத் தூர்த்தல் மீனவர் கலத்தில் மட்டுமன்றி நகரத்தார் வாயிலிலும் மண்ணிடுதலாகும்.

1991 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசாங்கம் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஒன்றனை வெளியிட்டது. அலை ஏறியிறங்கும் நீர்நிலைகளைத் தூர்த்தலையும் அவற்றின் கரையிற் கட்டுதலையும் அது பெரிதும் கட்டுப்படுத்தியது. எவ்வெவ்விடம் காக்கப்படும் என்பதை அறிவிக்க வரைபடங்கள் வேண்டுமன்றோ? தமிழ்நாட்டின் படங்கள் 1996 இல் மத்திய அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெற்றன. அவற்றுள் எண்ணூர்க் கழி நீர்ப்பரப்பாகவே காணப்பட்டது. பின்னர், தகவல் வேண்டினோர்க்கு மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் அளித்த வேறொரு படத்தில் அக்கழியே காணப்படவில்லை என்றும், ஏறத்தாழ 6,500 ஏக்கர் பரப்பு அதனால் மறைந்தது என்றும் 2017 இல் மீனவரும் சூழல் ஆர்வலரும் நாடறியக் குற்றஞ்சாட்டினர். கழியைப் பற்றிய வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன.

இதனை எவர் செய்தார், எவ்வெண்ணத்தாற் செய்தார் என்று தீர்ப்புக் கூறுதல் மாணவராகிய எமக்கு உரியதன்று. ஆயின் யாம் கற்கவேண்டிய பாடம் தெளிவாகவே உள்ளது. ஒருவன் நிலத்தைக் கவர்ந்தால் உரியவன் கூவுவான். ஏட்டிலிருந்து ஒரு நீர்நிலையை நீக்கினாலோ கூவுவதற்கு எவரும் இரார். காணப்படாத ஒன்றைக் காக்கும் சட்டமும் இல்லை. கையூட்டு வாங்குதலை 1988 ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் தண்டிக்கின்றது; அச்சட்டம் வேண்டுவதே. ஆயின் ஏட்டின் பொய்யைக் கண்டறிய, அவ்வேட்டையும் நிலத்தையும் ஒருங்கே அறிந்த கண்கள் வேண்டும். எண்ணூரில் அக்கண்கள் மீனவருடையனவாயின. எவ்விடத்தே எத்தனை முழம் ஆழம் என்பதைத் துடுப்பால் அறிந்தோரிடம் அங்கே நீரில்லை என்று ஒரு படம் கூறின், அவர் எங்ஙனம் ஒப்புவர்?

வாய்மை தவறுதல் படத்தில் மட்டுமன்று, அறிக்கையிலும் நிகழும். 2017 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. சூழலுக்குக் கேடில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆயின் சில நாட்களில் வடசென்னைக் கரையெங்கும் கரிய எண்ணெய் ஒதுங்கிற்று. மாணவரும் மீனவரும் தொண்டரும் வாளிகளால் அதனை அள்ளினர். முதல் நாளிலேயே உண்மை உரைக்கப்பட்டிருப்பின், அள்ளுதற்குரிய கருவிகளை விரைந்து திரட்ட வழி பிறந்திருக்கும். நற்செய்தியே கூறவேண்டும் என்னும் அலுவலக வழக்கமும் நேர்மைக்குப் பகையே என்பது இதனாற் போதரும்.

இனி, நம் முன்னோர் இதற்கு யாது வகை கண்டனர் என நோக்குவோம். கி.பி. 920 ஐ ஒட்டி, முதற் பராந்தக சோழன் காலத்தே பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பணிக்கு உரியரல்லர் என்பது அவற்றுள் ஒரு விதி. நிலமுடையோர்க்கே உரிய சபை அஃது. உழைப்போர்க்கும் பெண்டிர்க்கும் ஆங்கு இடமில்லை. அக்குறையை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் ‘கணக்குக் காட்டு’ என்னும் கட்டளை நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதற்கு அக்கல் சான்று. பழவேற்காட்டு மீனவரிடையும் ‘பாடு’ என்னும் வழக்கம் உண்டு. வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். வலியவன் நல்லிடத்தை என்றும் தனக்கே வைத்துக்கொள்ளாதவாறு அது தடுக்கின்றது.

இக்காலத்தே அக்கட்டளையை இடும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. தமிழ்நாடு 1997 இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2005 இல் நாட்டளவிலான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசாங்க அலுவலகங்கட்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பொதுவாக 30 நாட்களுள் விடை தருதல் வேண்டும். இதனைப் பயன்படுத்துவார் மூன்றினை நினைவிற்கொள்க. கருத்தைக் கேளாது ஆவணத்தைக் கேட்க வேண்டும். ஆவணத்தின் சான்றளித்த நகலைக் கேட்க வேண்டும். ஒரே ஆவணத்தை இரண்டு அலுவலகங்களிற் கேட்டு ஒப்பு நோக்க வேண்டும். சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடபேதம் காண்பதில் தமிழ் மாணவராகிய யாம் பழகியுள்ளோம். அப்பயிற்சி கழியைக் காக்கவும் உதவும் என்பதை எண்ணூர் கற்பித்தது.

‘புறம்போக்கு’ என்னும் சொல்லையும் ஈண்டுக் கருதுக. தனியார்க்கு உரிமையாக்காது, தீர்வையும் விதியாது, பொதுப் பயனுக்கென விட்ட நிலம் என்பது அதன் பொருள். இன்று அதனை வசைச்சொல்லாக வழங்குகின்றோம். பொதுவாயதை இழிவாக எண்ணும் மனம் முதலில் சொல்லைக் கெடுக்கும்; பின்னர் நிலத்தைக் கெடுக்கும். சொல்லைத் திருத்துதல் மொழி பயில்வார் கடன்.

இறுதியாக ஒன்று. ஆயக்காரனாகிய சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகக் கூறினான் என விவிலியத்திற் படிக்கின்றோம். தவற்றை ஒப்புதல் பாதி. இழந்தோர்க்கு ஈடு செய்தல் மறுபாதி. படத்தில் கழியை மீண்டும் வரைதலோடு அமையாது, கழியிற் படிந்த சாம்பலை அகற்றி நீரோட்டம் மீட்டலே முழு நேர்மையாகும்.

நம் கல்லூரி மாணவருள் பலர் நாளை எழுத்தராகவும் பொறியாளராகவும் அதிகாரிகளாகவும் அமர்வர். முன்னாள் மாணவருள் பலர் இன்றே அமர்ந்துள்ளனர். அவர்தம் மேசைக்கு ஒரு வரைபடம் ஒப்பத்திற்கு வருமாயின், எழுதுகோலை எடுக்குமுன் அவ்விடத்தை ஒருமுறை நேரிற்சென்று காண்பாராக. அங்கு வலையுடன் நிற்பவரை, ‘ஐயா, ஈண்டு நீர் உண்டோ?’ என வினவுவாராக.