டின்னின் விலையும் உள்ளே இருப்பதன் விலையும்

கடைக்குச் சரக்கு எடுக்கும் போது நம்மில் எவரும் கண்ணை மூடிக் கொண்டு எடுப்பதில்லை. அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். பருப்பை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்கிறோம். நிறையில் அரைக் கிலோ குறைந்தாலும் மொத்த வியாபாரிக்கு அன்றே ஆள் அனுப்புகிறோம். ஆனால் அதே வியாபாரி தனது வீட்டுக்குச் சாமான் வாங்க சுப்பர் மார்க்கட்டுக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கெல்லாம் மறந்து போகிறது. பேர் பெற்ற கம்பனியின் டின்னை எடுக்கிறார். இல்லாவிட்டால் ஆகக் குறைந்த விலை எழுதியிருப்பதை எடுக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நின்று பார்ப்பவர்கள் குறைவு.

நானும் அப்படித்தான் இருந்தேன். லண்டனின் வடமேற்கே ஹரோவில் குடியிருக்கும் மகளின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்த போது ஒரு பேக்ட் பீன்ஸ் டின்தான் எனது கண்ணைத் திறந்தது. அந்தப் பாடத்தை இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பிரித்தானியாவில் பேக்ட் பீன்ஸ் என்பது நமது வீட்டில் பருப்புக் கறி இருப்பது போல. காலையில் பாணைச் சுட்டு அதன் மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அவித்த உருளைக்கிழங்கோடு கொடுப்பார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள மகளின் வீட்டில் வாரத்துக்கு ஐந்தாறு டின்கள் முடிந்து விடும். மருமகனின் வேலை நேரம் குறைக்கப்பட்டிருந்த காலம் அது. செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மகள் கடையில் ஆகக் குறைந்த விலை டின்னில் ஒரு டசின் வாங்கி வந்தார். இரண்டு நாளில் பிள்ளைகள் கோப்பையைத் தள்ளி வைத்தார்கள். தண்ணீர் போன்ற சோஸ், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விதைகள். பாதி குப்பைக்குப் போயிற்று. அடுத்த வாரம் மனம் கேளாமல் ஆகக் கூடிய விலைக் கம்பனி டின்னையே தூக்கப் போனார்.

"பொறுங்க மகள், இதுக்கு நடுவுல ஒண்டும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு வாப்பா. கடைட சொந்தப் பேர்ல மூணு நாலு வகை இருக்கு. எது நல்லமெண்டு எப்படித் தெரியும்?" என்றார்.

கேள்வி நியாயமானது. இருவரும் இராக்கைக்கு முன் நின்று ஒவ்வொரு டின்னாகத் திருப்பிப் பார்த்தோம்.

கடையின் சொந்தப் பெயர் என்றால் என்ன?

பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் தமது பெயரில் விற்கும் பீன்ஸைத் தாமே காய்ச்சுவதில்லை. தொழிற்சாலை ஒன்றிடம் இன்ன தரத்தில், இன்ன சுவையில், இன்ன விலைக்குச் செய்து தா என்று ஒப்பந்தம் செய்கின்றன. விளம்பரச் செலவு இல்லை. இராக்கையில் இடம் பிடிக்கும் செலவும் இல்லை. விலை குறைவதற்கு இவை முக்கிய காரணங்கள். ஆகவே விலை குறைவு என்பதாலேயே சரக்கு மட்டம் என்று முடிவு செய்வது தவறு. அதே நேரம் "எல்லாம் ஒரே தொழிற்சாலைச் சரக்குத்தான், லேபல்தான் வேறு" என்று சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரே தொழிற்சாலையில் காய்ச்சினாலும் கடைக்குக் கடை கலவை வேறுபடலாம்.

இந்த முறை நமக்கும் தூரமானதல்ல. ஜெக் கோஹன் என்பவர் 1919 இல் கிழக்கு லண்டனில் சந்தைக் கடை போட்டு வியாபாரத்தைத் தொடங்கியவர். 1924 இல் ஸ்டொக்வெல் என்ற தேயிலை வியாபாரியிடம் தேயிலை வாங்கி, அவரது பெயரின் முதல் எழுத்துகளோடு தனது பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டெஸ்கோ தேயிலை' என்று விற்றார். டெஸ்கோ என்ற பெயரில் கடை வந்தது அதற்குப் பின்னர்தான். 1993 இல் அந்த நிறுவனம் நீல வெள்ளைக் கோடு போட்ட 'டெஸ்கோ வெலியூ' என்ற மலிவு வரிசையைக் கொண்டு வந்தது. 2018 இல் இன்னொரு மலிவு வரிசைக்கு அந்தப் பழைய தேயிலை வியாபாரியின் ஸ்டொக்வெல் என்ற பெயரையே வைத்தது. ஆல்டி, லிடில் போன்ற கடைகள் தமது கடைப் பெயரைப் போடாமல் வேறு பெயர் சூட்டி விற்கின்றன. ஆல்டியின் கொராலே பீன்ஸ் அப்படிப்பட்டது. பெயர் எதுவானாலும் அதுவும் கடையின் சொந்தச் சரக்குத்தான்.

டின்னைத் திருப்பிப் பார்க்கும் முறை

பேக்ட் பீன்ஸ் என்று பெயர் இருந்தாலும் இது போறணையில் சுட்டதல்ல. சிறிய வெள்ளைப் போஞ்சி விதையை ஊற வைத்து, வெந்நீரில் பதப்படுத்தி, தக்காளிச் சோஸோடு டின்னில் அடைத்து மூடி, மூடிய டின்னோடு நீராவியில் வேக வைக்கிறார்கள். விதை பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து வருவது. ஆகவே டின்னுக்குள் பெறுமதியானவை விதையும் தக்காளியும். மீதி தண்ணீர், சீனி, மா, உப்பு, வினாகிரி, வாசனைச் சரக்கு.

1. முதலில் விதை எத்தனை வீதம் என்று பாருங்கள். ஓர் உணவின் பெயரிலேயே வரும் பொருள் அதில் எத்தனை வீதம் என்று லேபலில் எழுத வேண்டும் என்பது பிரித்தானியச் சட்டம். நல்ல டின்னில் ஏறத்தாழப் பாதி விதை இருக்கும். தக்காளியின் வீதத்தையும் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் நிறை கூடியது முதலில் எழுதப்படும். தக்காளிக்கு முன் தண்ணீர் நின்றால் சோஸ் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2. நிறையைப் பாருங்கள். எல்லா டின்னும் ஒரே அளவாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 400 கிராமும் உண்டு, 420 கிராமும் உண்டு. பெரிய கடைகளில் இராக்கையின் விலைச் சீட்டில் ஒரு கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 2004 ஆம் ஆண்டின் விலை குறித்தல் கட்டளை அதைக் கட்டாயமாக்கியது. சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. பெரிய எழுத்தை விட்டு அந்தச் சிறிய எழுத்தை வாசிக்கப் பழகுங்கள்.

3. நான்கு டின்கள் சேர்த்துக் கட்டியது எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள். கிலோ விலையை ஒற்றை டின்னோடு ஒப்பிடுங்கள். மொத்தக் கடைகளில் 2.6 கிலோ அளவிலான பெரிய டின்னும் கிடைக்கும். விருந்துக்கு நல்லது. ஐந்து பேர் வீட்டில் திறந்தால் முடிக்க முடியாமல் வீணாகும். திறந்த பின் டின்னோடு வைக்காமல் வேறு பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

4. உப்பையும் சீனியையும் பாருங்கள். பிரித்தானிய சுகாதார சேவையின் அறிவுரைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 6 கிராமுக்கு மேல் உப்பு கூடாது. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 3 கிராம், 7 முதல் 10 வயதுக்கு 5 கிராம். 100 கிராமில் 0.6 கிராம் உப்பு உள்ள டின்னில் பாதியைச் சாப்பிட்டால் ஏறத்தாழ 1.2 கிராம் உப்பு உள்ளே போகிறது. சிறு பிள்ளைக்கு இது சிறிய தொகையல்ல. ஒரே விலையில் இரண்டு டின் இருந்தால் உப்பும் சீனியும் குறைந்ததை எடுங்கள்.

5. படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். வெறும் பீன்ஸ் டின்னுக்குப் பக்கத்திலேயே சொசேஜஸ் சேர்த்த பீன்ஸ் டின்னும் அதே நிறத்தில் நிற்கும். அந்த சொசேஜஸ் பெரும்பாலும் பன்றி இறைச்சி. அவசரத்தில் கை மாறிப் போகக் கூடும். பெயரை முழுமையாக வாசியுங்கள். விலைக்கழிவுப் பெட்டியில் உள்ள நசுங்கிய டின்களிலும் கவனம் தேவை. ஊதியது, கசிவது, மூட்டில் நசுங்கியது எந்த விலையானாலும் வேண்டாம்.

இனி ஒரு கணக்கு

வியாபாரிக்குக் கணக்கால் சொன்னால்தான் மனதில் நிற்கும். ஓர் உதாரணம் எடுப்போம். முதல் டின் 400 கிராம், 48 பென்ஸ், விதை 44 வீதம். இரண்டாவது டின் 420 கிராம், 52 பென்ஸ், விதை 50 வீதம். மூன்றாவது, பேர் பெற்ற கம்பனி டின். 415 கிராம், 1 பவுண் 30 பென்ஸ், விதை 51 வீதம்.

முதல் டின்னில் விதை 176 கிராம். 100 கிராம் விதைக்கு நாம் கொடுப்பது 27 பென்ஸுக்குச் சற்று மேல். இரண்டாவதில் விதை 210 கிராம். 100 கிராமுக்கு 25 பென்ஸ் கூட இல்லை. அதாவது 4 பென்ஸ் கூடிய டின்தான் உண்மையில் மலிவு. மூன்றாவதில் விதை ஏறத்தாழ 212 கிராம். 100 கிராமுக்கு 61 பென்ஸ். இரண்டாவது டின்னுக்கும் மூன்றாவதுக்கும் விதையில் இருக்கும் வித்தியாசம் 2 கிராம், விலையில் இருக்கும் வித்தியாசம் 78 பென்ஸ். வாரத்துக்கு 6 டின் எடுக்கும் வீட்டில் அது வருடத்துக்கு 240 பவுணைத் தாண்டும்.

கணக்கு முடிந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நடுத்தர வரிசையில் இரண்டு மூன்று கடைகளின் டின்களில் ஒவ்வொன்று மட்டும் வாங்குங்கள். லேபலைக் காட்டாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். மகளின் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பிள்ளைகள் கம்பனி டின்னையும் கடையின் நடுத்தர டின் ஒன்றையும் ஒரே மாதிரி வழித்துச் சாப்பிட்டார்கள். அன்று முதல் அந்த வீட்டில் அந்தக் கடை டின்தான். வாங்கிய சாமான் வயிற்றுக்குள் போனால்தான் அதன் விலை விலை. குப்பைக்குப் போனால் 20 பென்ஸும் நட்டம்தான்.

வியாபாரிக்கு இதில் என்ன?

1990களின் நடுப்பகுதியில் பிரித்தானிய சுப்பர் மார்க்கட்டுகளுக்கு இடையில் நடந்த விலைப் போட்டியில் பேக்ட் பீன்ஸ் டின் 3 பென்ஸ் வரை இறங்கியது. டின்னுக்குக் கூட அந்தக் காசு போதாது. ஆளை உள்ளே இழுக்க அந்த நட்டத்தை ஏற்றார்கள், மற்றச் சாமானில் பிடித்துக் கொண்டார்கள். 2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஹெய்ன்ஸ் நிறுவனம் விலையைக் கூட்டக் கேட்ட போது டெஸ்கோ இணங்கவில்லை. சில நாட்கள் ஹெய்ன்ஸ் பீன்ஸும் கெச்சப்பும் அந்த இராக்கைகளில் இல்லாமல் போயின. பிறகு ஜூலையில் இணக்கம் வந்தது. கடைக்காரருக்குத் தனது பெயரில் நல்ல சரக்கு இருந்தால்தான் பெரிய கம்பனியோடு நிமிர்ந்து பேச முடியும் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

நம்மில் பலர் மிளகாய்த்தூள், மல்லித்தூள், தேயிலை என்று கடைப் பெயரில் பக்கட் பண்ணி விற்கிறோம். நானும் செய்தேன். ஆரம்பத்தில் செத்தல் மிளகாயைப் பார்த்து எடுத்து அரைத்தேன். எனது பெயர் போட்ட 100 கிராம் பக்கட் கம்பனிப் பக்கட்டை விட வேகமாக ஓடியது. பிறகு ஒருவர் அரைத்த தூளையே கிலோவுக்குக் கணிசமாகக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். நிறம் நன்றாக இருந்தது. வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்கினேன். பக்கட்டைச் சிறிதும் மாற்றவில்லை.

மூன்றாவது வாரம், வழமையாக வரும் ஒரு மூதாட்டி பாதி பாவித்த பக்கட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "தம்பி, கறி சிவக்கிது, உறைக்குதில்ல. இதில உங்கட பேர்தானே போட்டிருக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக் கொண்டு போனார். பிறகு அரிசிக்கும் அவர் வரவில்லை.

கம்பனிச் சரக்குப் பிழைத்தால் வாடிக்கையாளர் கம்பனியை ஏசுவார், நமது கடைக்கு வந்து வேறு பக்கட் கேட்பார். நமது பெயர் போட்ட சரக்குப் பிழைத்தால் ஏச மாட்டார், வராமல் விட்டு விடுவார். கிலோவில் மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கை நான் இழந்தேன்.

ஹரோவில் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டு நின்ற போது அந்த மூதாட்டியின் பக்கட்தான் நினைவுக்கு வந்தது. என் மகள் ஒரு கடையின் சரக்கை எப்படி எடை போட்டாரோ, அப்படித்தான் நமது சரக்கையும் யாரோ ஒருவரின் மகள் அடுப்படியில் எடை போட்டுக் கொண்டிருக்கிறார். ஆகவே வீட்டுக்கு வாங்கும் போது கடைக்கு வாங்குவது போல் கணக்குப் பாருங்கள். கடைப் பெயரில் விற்கும் போது உங்கள் வீட்டுக் கறிக்குப் போடுவது போல் சரக்கைப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் பெயர் போட்ட பக்கட் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துச் சென்று, எதுவும் சொல்லாமல் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் வரும் பதில்தான் உங்கள் சரக்கின் உண்மையான விலை.