கேட்காத பார்சலுக்குக் காசு கொடுக்காதீர்கள்: தீபாவளி வரை ஒரு முன்னெச்சரிக்கை

புரட்டாசி பிறந்ததும் ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி விற்பனை களைகட்டிவிடும். நவராத்திரிக்குச் சற்று முன்னே ஆரம்பித்து தீபாவளி வரை எந்தத் தெருவில் பார்த்தாலும் மூட்டை கட்டிய டெலிவரி வண்டிகள்தான். வெளியூரில் இருக்கும் மகள் அம்மாவுக்குப் புடவை அனுப்புவாள், சொல்லியிருக்க மாட்டாள். கல்லூரிக்குப் போகும் பையன் ஹெட்போன் ஆர்டர் செய்திருப்பான், அதையும் சொல்லியிருக்க மாட்டான். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பது பாட்டியோ தாத்தாவோதான். ஆர்டர் செய்தவர் ஒருவர், கதவைத் திறப்பவர் வேறொருவர். பார்சல் மோசடி செய்கிறவர்கள் நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான். ஆகவே இந்த இரண்டு மாதத்துக்கும் வீட்டில் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது.

அடிக்கடி நடப்பது கேஷ் ஆன் டெலிவரி மோசடி. உங்கள் பெயர், கதவு எண், செல்பேசி எண் மூன்றும் எங்கோ ஓர் இடத்தில் கசிந்து, பட்டியலாக விலைக்குப் போயிருக்கும். அதை வாங்கிய ஆள் உங்கள் பெயரில் ஒரு பார்சலைக் கட்டி, உண்மையான கூரியர் நிறுவனம் மூலமாகவே அனுப்புகிறார். கேட்கும் தொகை பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கும். யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற தொகை அது. ஏமாந்தது தெரிந்த பிறகும் போலீஸுக்குப் போக யாருக்கும் மனசு வராத தொகையும் அதுதான். பிரித்துப் பார்த்தால் ஒரு பழந்துணி, ஓடாத கைக்கடிகாரம், ஐம்பது ரூபாய் பெறாத பிளாஸ்டிக் சாமான். அனுப்பியவர் முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே அப்படியொரு கடையே இருக்காது.

தபால்காரரிடம் காசு கொடுத்துப் பொருளை வாங்கும் வி.பி.பி. முறையில் ரேடியோ வரவழைத்துச் செங்கல்லைப் பிரித்த கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அன்று ஏமாந்தவர் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எழுதிப் போட்டவர். இன்று ஆசையே படாதவர் வாசலுக்கும் செங்கல் வருகிறது.

வாசலில் நிற்கும் டெலிவரி தம்பியிடம் கோபப்பட்டு லாபமில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. வாங்க மறுத்தால் அவருக்கு ஒரு நடை வீண், அவ்வளவுதான். “நாங்க ஆர்டர் பண்ணலை தம்பி, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க” என்று பொறுமையாகச் சொன்னால் போதும். ‘மறுக்கப்பட்டது’ என்று பதிவு செய்துகொண்டு எடுத்துப் போய்விடுவார்.

நான் சிபாரிசு செய்வது ஒரே ஒரு வீட்டுச் சட்டம்: தீபாவளி முடியும்வரை இந்த வீட்டில் யாரும் கேஷ் ஆன் டெலிவரியில் எதையும் வாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிடுவது. அப்புறம் கணக்கு சுலபம். வாசலில் காசு கேட்கும் எந்தப் பார்சலும் நம்முடையதில்லை என்று எழுபத்தைந்து வயதுப் பாட்டியும் தயங்காமல் சொல்லிவிடலாம். ‘பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுப்பதுதானே பத்திரம்?’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காசு கொடுத்த பிறகுதான் பெரும்பாலான கூரியர்கள் பெட்டியைப் பிரிக்க விடுகிறார்கள். அப்படியிருக்க, அந்தப் பத்திரம் பாதிதான். சில பெரிய கடைகளில், குறிப்பாகச் செல்பேசி, டிவி போன்றவற்றுக்கு, டெலிவரி செய்பவரே நம் கண்முன் பெட்டியைத் திறந்து காட்டும் வசதி இருக்கிறது. விலை உயர்ந்த பொருளென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். பொருளைப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள்.

அந்தச் சட்டம் ஒத்துவராத வீடுகளில், ஆர்டர் செய்கிறவர் அன்றன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட வேண்டும்: என்ன பொருள், எந்தக் கடை, காசு கட்டியாகிவிட்டதா, வாசலில் எவ்வளவு தரவேண்டும். ஸ்மார்ட்போன் பார்க்காத பெரியவர்கள் இருந்தால் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே எழுதி வையுங்கள். காலண்டரில் இல்லாத பார்சல் திரும்பிப் போகட்டும். நிஜமாகவே யாராவது ஆசையாக அனுப்பியதாக இருந்தாலும் மோசமில்லை. மறுநாள் மறுபடி வரவழைக்கலாம், இல்லையென்றால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

மறுக்கும்போது ஒரு கண்ணி உண்டு. “கேன்சல் பண்ணணும், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்பார்கள். உண்மையிலேயே சில கூரியர் நிறுவனங்கள் ரத்து செய்வதற்கும் ஓ.டி.பி. அனுப்புகின்றன. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. நாம் ஆர்டரே செய்யாத பொருளுக்கு நம்மிடமிருந்து எந்த எண்ணும் போகத் தேவையில்லை. வந்த செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியுங்கள். வங்கிப் பெயரோ, வாட்ஸ்அப் என்ற சொல்லோ, ‘லாகின்’ என்றோ இருந்தால் போனைப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிடுங்கள். டெலிவரிக்கான ஓ.டி.பி.யாக இருந்தால், அதைச் சொல்வது பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

காசே கேட்காமல் வரும் பார்சல்

சில வீடுகளுக்கு இலவசமாகவே ஏதாவது வந்து சேரும். ஒரு மோதிரம், ஒரு சாவிக்கொத்து, வெறும் காகிதம். இதில் விற்பனையாளர்தான் வாங்குபவரும். தன் கடையில் தானே போலி ஆர்டர் போட்டு, உண்மையான ஒரு முகவரிக்கு எதையோ அனுப்பி, ‘டெலிவரி ஆனது’ என்று பதிவானதும் உங்கள் பெயரில் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதிக்கொள்வார். ‘பிரஷிங்’ என்று இதற்குப் பெயர். 2020 ஜூலையில் அமெரிக்கா முழுவதும், கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வீடு வீடாக வந்து இறங்கின. பெரும்பாலானவற்றில் சீன அஞ்சல் முத்திரை, பலவற்றின் மேல் ‘நகை’ என்று குறிப்பு. உள்ளே கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி விதைகள். உயிரியல் தாக்குதலோ என்று ஊரே பயந்தது. அந்நாட்டு வேளாண் துறை விசாரித்துவிட்டு, இது பிரஷிங் வகை மோசடியாகத்தான் தெரிகிறது என்றது. ஆனால் அந்நிய விதையோடு பூச்சியும் நோயும் வரலாம் என்பதால் யாரும் நடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. நமக்கும் அதேதான். விதை வந்தால் தொட்டியில் தூவிப் பார்க்காதீர்கள், குப்பையிலும் கொட்டாதீர்கள். பொட்டலத்தோடு வேளாண் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

மற்ற இலவசப் பொருள்களால் பெரிய ஆபத்தில்லை. உள்ளே ‘பரிசு விழுந்திருக்கிறது, ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒரு சீட்டு இருந்தால் மட்டும் அதைத் தொடவேண்டாம். உங்கள் ஆன்லைன் கடைக் கணக்குகளைத் திறந்து, நீங்கள் போடாத ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

உங்கள் முகவரியில் வேறொருவர்

இதுதான் கொஞ்சம் கனமான விஷயம், பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதும் இதைத்தான். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பெரிய பெரிய பெட்டிகள் வந்து குவிந்த செய்தி 2025இல் வெளியானது. அமேசானில் கார் சீட் உறை விற்ற ஒரு சீன விற்பனையாளர், வாடிக்கையாளர்கள் பொருளைத் திருப்பி அனுப்பவேண்டிய முகவரியாக அந்தப் பெண்ணின் வீட்டைப் போட்டுவிட்டார். வேண்டாமென்று திருப்பியவர்களின் பெட்டிகளெல்லாம் அவர் வீட்டு முற்றத்தை அடைத்தன. கார் நிறுத்த இடமில்லை. அவருடைய வயதான தாயார் வீட்டுக்குள் வந்துபோவதே சிரமமாகிவிட்டது. விற்பனையாளருக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

திருட்டு கார்டில் பொருள் வாங்குகிறவர்களுக்கும் முகவரி தேவை, ஆனால் தங்கள் முகவரியாக இருக்கக்கூடாது. பூட்டிக் கிடக்கும் வீடு, குடிமாறிப் போன போர்ஷன், காவலாளி எதையும் கேட்காமல் வாங்கி வைக்கும் அபார்ட்மெண்ட் ஆகியவையே அவர்கள் தேடும் இடங்கள். முகவரி உங்களுடையது, செல்பேசி எண் அவர்களுடையது. டெலிவரி தம்பி போன் செய்தால் “தெரு முனையில நிக்கிறேன், அங்கேயே கொடுத்துடுங்க” என்பார்கள். நாளை விசாரணை வந்தால் பதிவேட்டில் நிற்பது உங்கள் கதவு எண். இன்னொரு வகையில், பொருள் உங்கள் கைக்கே வந்துவிடும். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து, “கூரியர்ல தப்பா உங்க வீட்டுல கொடுத்துட்டாங்க, என்னோடது” என்று பணிவாகக் கேட்பார். கொடுக்காதீர்கள். கூரியர் அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து, அவர்கள் ஆளை வரச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். கூரியரின் எண்ணையும் பார்சலில் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்தோ வந்தவரிடமிருந்தோ எடுக்காமல் நிறுவனத்தின் செயலியிலிருந்து எடுங்கள்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் பயப்படுவது மெல்லிய உறைகளுக்கு. முன்பின் தெரியாத ஒரு பெயருக்கு உங்கள் முகவரியில் வங்கியிலிருந்து ஏ.டி.எம். கார்டு, செக் புத்தகம், கடன் நோட்டீஸ் வருகிறதென்றால், யாரோ உங்கள் வீட்டைக் காட்டிக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். முன்பு குடியிருந்தவர் பெயராக இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும். அவருக்கும் தெரியாத பெயரென்றால் உறையைப் பிரிக்காமல், வெளிப்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, ‘இந்த முகவரியில் இப்பெயரில் யாரும் இல்லை’ என்று மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அந்த வங்கிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னாளில் யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு அந்தப் படமும் மின்னஞ்சலும் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்குப் பார்சல் வாங்கி வைக்கும் வழக்கத்தை விடவேண்டியதில்லை. அவர்களைப் போனில் கேட்டுவிட்டு வாங்குங்கள், காசு கொடுத்து வாங்கவேண்டாம். அபார்ட்மெண்ட் சங்கத்தார் காவலாளிக்கும் இதையே சொல்லி வைக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், வீடு பூட்டியிருக்கும் நாட்களில் வரவேண்டிய ஆர்டர்களை முன்கூட்டியே தள்ளிப்போட்டுவிட்டுப் போங்கள்.

முகவரி கசியும் வழிகளில் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும்போது பெயர், முகவரி, செல்பேசி எண், பார்கோடு எல்லாம் சேர்ந்த லேபிளையும் கூடவே கொடுத்துவிடுகிறோம். கிழித்து எடுங்கள். கிழிக்க வராவிட்டால், பெரும்பாலான லேபிள்கள் சூட்டில் அச்சாகும் தாள் என்பதால், இஸ்திரிப் பெட்டியை மேலே லேசாக வைத்து எடுத்தாலே முழுக்கக் கறுத்து எழுத்து மறைந்துவிடும்.

போனில் வரும் பார்சல்கள்

‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கில் திருத்துங்கள், இல்லையேல் திருப்பி அனுப்பப்படும்’ என்று இந்திய அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தி போலி. மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே இதை அறிவித்திருக்கிறது. லிங்க்கில் சிறு கட்டணம் கேட்பதாகத் தொடங்கி, கார்டு விவரங்களை வாங்கிக்கொள்வார்கள். “டெலிவரி பாய்க்கு லைன் கிடைக்கலை, இந்த நம்பரை அழுத்துங்க” என்று சொல்லி நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணைத் தட்டச் சொன்னால், உங்கள் அழைப்புகளெல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும். தட்டிவிட்டீர்களா? உடனே ##002# அழுத்துங்கள். எல்லா அழைப்பு மாற்றங்களும் ரத்தாகும். உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது என்று வீடியோவில் போலீஸ் உடையில் மிரட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் சொல்லிவிட்டார். பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள்.

பணம் போய்விட்டால்

ஆன்லைனில் போன பணமென்றால் 1930க்கு அழையுங்கள், மணிக்கணக்கில் யோசிக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால் அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. சைபர் கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போன பணத்துக்கு, மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் நீங்கள் புகார் செய்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஆகவே அப்போதும் புகார் செய்வதில் தாமதம் கூடாது.

வாசலில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வழி வேறு. கூரியர் நிறுவனங்கள் வசூலித்த பணத்தை விற்பனையாளருக்கு அன்றே தருவதில்லை, பொதுவாகச் சில நாட்கள் கழித்தே அனுப்புகின்றன. அந்த இடைவெளி உங்களுக்குச் சாதகம். லேபிளில் உள்ள ஏ.டபிள்யூ.பி. என்ற பார்சல் கண்காணிப்பு எண்ணையும், பெட்டியில் இருந்த பொருளின் படத்தையும் சேர்த்து அன்றைக்கே கூரியர் நிறுவனத்துக்கு எழுதி, பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அறுநூறு ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்று இரவே ஒரு போன் போடுங்கள். “நாங்க சொல்லாம எந்தப் பார்சலுக்கும் காசு கொடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு நீங்கள் அனுப்பியிருப்பது என்ன, எந்தத் தேதிக்கு வரும் என்பதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.