பழைய ரூபாய் நோட்டின் மதிப்பை அறிவது எப்படி?

அண்மையில் நமது போபோடி கிளைக்கு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். தந்தையார் பெட்டியில் வைத்திருந்த ஒரு ரூபாய் நோட்டுகள் சில அவரிடம் இருந்தன. அவற்றுக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் பேசிய ஒருவர், பதிவுக் கட்டணத்தை முதலில் அனுப்புமாறு கேட்டிருந்தார். அனுப்பும் முன் நம்மிடம் வந்தது நல்லதாயிற்று. அவருக்குக் கூறியவற்றையே இங்கே தருகிறோம்.

முதலாவது, கையொப்பம். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது இந்திய அரசு. அதில் நிதித்துறைச் செயலர் கையொப்பமிடுவார். ஏனையவற்றில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்கும். மன்மோகன் சிங் இவ்விரு பதவிகளிலும் கையொப்பமிட்டவர். ஆயினும், கையொப்பமிட்டவரின் புகழால் மட்டும் விலை உயராது.

இரண்டாவது, அருமை. எத்தனை அச்சாயின என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முக்கியம். 1959-இல் ஹஜ் பயணிகளுக்கென வெளியான பத்து, நூறு ரூபாய் நோட்டுகளின் வரிசை எண் 'எச்.ஏ.' என்று தொடங்கும். அவை சிலவே எஞ்சியிருப்பதால் சேகரிப்போர் பெரிதும் நாடுகின்றனர்.

மூன்றாவது, நிலை. மடிப்பு, கறை, கிழிசல் ஆகிய ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். 2001-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி தடை செய்யும்வரை நோட்டுக் கட்டுகளுக்குக் கம்பி ஊசி குத்தப்பட்டது. ஆதலால் புழங்காத பழைய நோட்டிலும் துளைகள் இருக்கலாம். நோட்டைக் கழுவுதல், இஸ்திரி போடுதல், லேமினேஷன் செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

விலையை அறிய, விற்போர் கேட்கும் தொகையைப் பாராமல், அதே நிலையிலுள்ள நோட்டு ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள்.

சட்டத்தையும் மறவாதீர்கள். 2016-இல் செல்லாதென அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றம். ஆய்வு, நாணயவியல் ஆகியவற்றுக்கு மட்டும் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம்.

பழைய நோட்டுகளை வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. விற்பவரிடமே முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

பெரியவரின் நோட்டுகள் பலமுறை மடிக்கப்பட்டவை, பெருவிலை பெறா. ஆனால், அவரது சேமிப்பு அவர் கணக்கிலேயே பத்திரமாக இருக்கிறது.