ஆறிய புண்ணும் ஆறாத நோவும்

புண் ஆறினால் நோவும் ஆறிவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஆயின், காயம் பொருந்தி, முறிந்த என்பு கூடி, மாதங்கள் பல சென்ற பின்னும் நோவினால் வருந்துவாரை நாம் காண்கின்றோம். 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோவு என மருத்துவர் வகுப்பர். புறத்தே காயம் எதுவுங் காணாமையால், இது மனப்பிரமை என்றும் பாசாங்கு என்றும் நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அக்கூற்று எத்துணைத் தவறானது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நரம்பு செய்தியைக் கடத்தும் வெறுந் தந்திக்கம்பியன்று. புண்பட்ட இடத்துச் செய்தி முண்ணாணை அடைந்ததும், நரம்பு முனைகள் குளுத்தமேற்று என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதனை ஏற்கும் வாங்கிகளுள் ஒருவகையின் வாயிலை மகனீசிய அயன் அடைத்து நிற்கும். செய்திகள் ஓயாது வருமாயின் அவ்வடைப்பு நீங்கும். கல்சியம் கலத்தினுட் புகும். புகவே, கலத்தின் உணர்ச்சி மிகும். அதன்பின் மெல்லிய ஆடை தீண்டினும் தணல் பட்டாற்போல நோகும். நோவுணர்ச்சி மிகுவதில் முண்ணாணுக்கும் பங்குண்டு என்பதை 1983ஆம் ஆண்டிற் கிளிபோட் வூல்வ் என்பார் எலிகளிற் செய்த ஆய்வினாற் காட்டினார்.

இனி, இந்நிலை நீடிப்பது எங்ஙனம்? கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யை ஒரு பெருநூல் எனக் கொண்டால், பரம்பரையலகுகள் அந்நூலின் பாடங்களாம். எழுத்தை மாற்றாமலே, 'இதனைப் படிக்க, இதனை விடுக்க' என ஆசிரியர் ஓரத்திற் குறியிடுவதுண்டன்றோ? அதுபோலவே, மெதைல் கூட்டங்கள் டீ.என்.ஏ.யிலும், அசற்றைல் கூட்டங்கள் அதனைச் சுருட்டி வைத்திருக்கும் இசுத்தோன் புரதங்களிலும் சேர்ந்து குறிகளாகின்றன. எலிகளில் நரம்பு சேதமுற்றபோது, நரம்புக்கலத்தை அமைதிப்படுத்தும் பொற்றாசிய வாய்க்காலுக்குரிய பரம்பரையலகு ஒன்று மெதைலேற்றத்தால் அடங்கியதை ஆய்வாளர் கண்டனர். அமைதிப்படுத்துவது குன்றவே, கலம் சிறு தூண்டலுக்குங் கிளர்ந்தெழுகின்றது. புண் ஆறிவிட்டது, குறியோ அழியவில்லை.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. எழுத்தை மாற்றுதல் அரிது. இட்ட குறியை அழித்தல் இயலும். மெதைல் கூட்டத்தைச் சேர்க்கும் நொதியத்தைத் தடுத்தபோது எலிகளின் நோவு தணிந்தது. மனிதர்க்கேற்ற மருந்தாக அம்முறை இன்னும் முதிரவில்லை.

எனினும், மருந்து வருமுன்னரே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாளை மருத்துவராகவிருக்கும் மாணவரும், இல்லத்தில் முதியோரைப் பேணும் பழைய மாணவரும் இதனை உளங்கொள்வாராக. நோகின்றது என ஒருவர் கூறின், காயம் எங்கே என வினவி அவரை நாணச் செய்யாது, அவர் சொல்லை முதலில் நம்புதல் வேண்டும்.